கருவியும் படமும்: பிரஜ் நாட்டு வெட்டுத்தாள் மரபின் வரலாறு

கையால் வாழ்த்து அட்டை செய்பவர்களுக்கும் கலப்பு ஊடக ஓவியம் பயிலும் மாணவர்களுக்கும் ஸ்டென்சில் இன்று மிக எளிய கருவி. கடையில் வாங்கிய நெகிழித் தகட்டையோ தாமே வெட்டிய தாளையோ அட்டையின் மீது வைத்து, மையைத் தட்டியோ வண்ணப் பசையைத் தடவியோ எடுத்துவிட்டால் உருவம் பதிந்துவிடும். பதிந்த உருவமே படைப்பு. வெட்டிய தகடு கழுவி எடுத்து வைக்கப்படும். தாளானால் கிழியும்வரை பயன்பட்டுக் குப்பைக்குப் போகும். கலை வரலாறும் பெரும்பாலும் இதே பழக்கத்தைப் பின்பற்றி வந்திருக்கிறது. ஓவியம் அருங்காட்சியகத்தை அடைகிறது. அதை உருவாக்க உதவிய வெட்டுத்தாள் அரிதாகவே பேசப்படுகிறது.

மதுராவும் விருந்தாவனமும் அடங்கிய பிரஜ் பகுதியில் இந்த உறவு தலைகீழாக அமைந்தது. அங்குள்ள வைணவக் கோயில்களில் வெட்டுத்தாளின் வழியே தூவி உருவாக்கிய படம் மறுநாளே அழிக்கப்பட்டது. தாள் மட்டும் அடுத்த ஆண்டுக்காகப் பத்திரப்படுத்தப்பட்டது. இக்கலையின் பெயர் சாஞ்ஜி. பௌத்தத் தூபி அமைந்த சாஞ்சியோடு இதற்குத் தொடர்பில்லை. அந்திப் பொழுதைக் குறிக்கும் ‘சாஞ்ஜ்’ என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் சாஞ்ஜியின் வெட்டுத்தாளே வண்ணத் தாளின் மீது ஒட்டப்பட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் வாழ்த்து அட்டையின் முகப்பிலும் இடம் பிடித்திருக்கிறது. கருவி படமாகியிருக்கிறது. இந்த மாற்றத்தில் எது காப்பாற்றப்பட்டது, எது கைவிடப்பட்டது என்ற கேள்வி கைவினை வரலாறு பயில்வோர் அனைவருக்கும் உரியது.

கேள்விக்குள் புகுமுன் வெட்டுத்தாளின் இலக்கணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இலக்கணம் ஒரே ஒரு தடையிலிருந்து பிறக்கிறது. தாளில் ஒரு வளையத்தை வெட்டினால், வளையத்தோடு அதன் நடுவிலிருக்கும் வட்டமும் கீழே விழுந்துவிடும். நடுவட்டம் நிற்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள தாளோடு பிணைக்கும் மெல்லிய பாலங்கள் தேவை. மயிலின் கண், தாமரையின் மையம், பசுவின் கழுத்து மணி என ஒவ்வொன்றும் இத்தகைய தீவுதான். பாலத்தை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எவ்வளவு அகலத்தில் வைப்பது என்பதில்தான் வெட்டுபவரின் தேர்ச்சி அடங்கியிருக்கிறது. பழகாத கையில் பாலம் உருவத்தைக் குறுக்கே அறுக்கும் கோடாகத் தெரியும். தேர்ந்த கையில் அது இலையின் நரம்பாகவும் ஆடையின் மடிப்பாகவும் இறகின் பிரிவாகவும் மாறி, பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தடையைத் தாண்ட இன்னொரு வழியும் உண்டு. ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களை வெட்டுவது அது. முதல் தாள் தூவும் நிறத்துக்கு இடையே பாலங்கள் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை இரண்டாம் தாள் மற்றொரு நிறத்தால் நிரப்பும். மூன்றாவது தாள் விளிம்பைத் தீட்டும். இவ்வாறு செய்யும்போது எந்தத் தாளும் தனித்து நின்று பொருள் தருவதில்லை. தொகுதி முழுவதும், அதன் வரிசைமுறையும், ஒன்றின் மேல் ஒன்றைச் சரியாகப் பொருத்தும் கைப்பழக்கமும் சேர்ந்தால்தான் படம் உருவாகும். சாஞ்ஜியின் வரலாற்றில் இந்தச் செய்தி மிக முக்கியமானது.

இந்தியாவில் வெட்டுத்தாளுக்கு நெருங்கிய உறவு துளைத்தாள். முகலாய, ராஜபுத்திர, பஹாடி ஓவியக் கூடங்களில் ஒரு படத்தின் வரைவை மற்றொரு தாளுக்கு மாற்றத் துளைத்தாள்களே பயன்பட்டன. ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய மான் தோலை மூலத்தின் மீது வைத்து உருவக் கோடுகளைப் படியெடுப்பார்கள். இதற்குச் ‘சர்பா’ என்று பெயர். பின்னர் அக்கோடுகளின் நெடுகிலும் ஊசியால் நுண்துளைகள் இடப்படும். கரித்தூளை மெல்லிய துணியில் முடிந்து அதன் மேல் தட்டினால், கீழேயுள்ள தாளில் புள்ளிகளாலான உருவரை பதியும். ஓவியர் அப்புள்ளிகளைத் தூரிகையால் இணைத்துக்கொள்வார். இத்தகைய வரைவுக்கு வழங்கிய ‘காகா’ என்ற சொல், புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘காக்’ என்பதோடு தொடர்புடையது. பெயரே தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறது: புழுதியால் வரையப்பட்டது அது. ஜர்தோசித் தையற்காரர்கள் துணியில் பூவேலைக்கான வரைவை மாற்றப் பயன்படுத்தும் துளைத்தாளுக்கும் இதே சொல் இன்றும் வழங்குகிறது. பிரஜ் கோயில்களில் சாஞ்ஜியின் வெட்டுத்தாளைக் குறிப்பதும் இச்சொல்லே. அரசவை ஓவியக்கூடம், தையற்கூடம், கோயில் ஆகிய மூன்றும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது, இவற்றுக்கிடையே நுட்பங்கள் புழங்கியதற்கு மொழி விட்டுச்சென்ற தடயம்.

மறைப்புத் தாளைக் கொண்டு பல ஊடகங்களை ஒரே பரப்பில் சேர்த்ததற்கும் இந்தியாவில் பழைய சான்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்தின் பிஜாப்பூரில் ‘அப்ரி’ என்ற பளிங்குத் தாள் முறையைக் கொண்டு உருவப் படங்கள் செய்யப்பட்டன. பிசின் கலந்த நீரின் மேற்பரப்பில் நிறங்களை மிதக்கவிட்டு, மேகம் போலவும் பளிங்கின் வரிகள் போலவும் கலக்கி, அதன் மேல் தாளைக் கிடத்தி எடுப்பது இம்முறை. பிஜாப்பூர் ஓவியர்கள் தாளின் சில பகுதிகளை வெட்டுத்தாளாலோ பிசினாலோ மறைத்து, குதிரையின் உடலில் மட்டும் அல்லது பின்புலத்தில் மட்டும் பளிங்கு வரிகள் ஏறும்படி செய்தார்கள். எஞ்சியதைக் கோட்டாலும் நிறத்தாலும் பொன்னாலும் முடித்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள, எலும்பும் தோலுமான குதிரையின் மீது துறவி ஒருவர் அமர்ந்து செல்லும் படம் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. இன்றைய கலைக் கல்லூரிகள் கலப்பு ஊடகம் என்று கற்பிக்கும் செயல்முறையின் கூறுகள் பலவும் இதில் அடங்கியுள்ளன. ஆனால் ஓவியக்கூடத்துத் துளைத்தாளானாலும் பிஜாப்பூர் மறைப்புத் தாளானாலும் அவற்றின் விதி ஒன்றுதான்: படம் நிலைத்தது, கருவி மறைந்தது.

சாஞ்ஜியின் தோற்றம் தாளில் இல்லை, சாணத்தில் இருக்கிறது. பிரஜ், ராஜஸ்தான், மாளவம், ஹரியானா ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் மணமாகாத சிறுமியர் மழைக்காலத்தின் முடிவில், அந்திப் பொழுதில், வீட்டுச் சுவர்களில் பசுஞ்சாணத்தால் உருவங்கள் அமைத்து அவற்றின் மேல் மலரிதழ்களையும் மின்னும் பொருள்களையும் பதிப்பார்கள். பாடல்கள் பாடப்படும், நல்ல கணவன் வேண்டி சாஞ்ஜி எனும் தேவி வழிபடப்படுவாள். நாள்கள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. பிரஜிலும் மாளவத்திலும் மகாளய பட்சத்தில் நிகழும் இது, ஹரியானாவில் நவராத்திரியோடு இணைந்திருக்கிறது. எங்கானாலும் முடிவில் உருவங்கள் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டு நீரில் விடப்படும். பெண்பிள்ளைகளால், வீட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, அழிப்பதற்கென்றே செய்யப்பட்ட கலை இது.

இக்கலை கோயிலுக்குள் நுழைந்ததற்குப் பின்னணியாக அமைந்தது 16-ஆம் நூற்றாண்டின் பிரஜ். சைதன்யரின் சீடர்களான ரூப, சனாதன கோஸ்வாமிகள் விருந்தாவனத்தில் தங்கி, கிருஷ்ண லீலையின் ஒவ்வொரு நிகழ்வையும் அந்நிலத்தின் ஒவ்வோர் இடத்தோடும் இணைத்தனர். வல்லபரின் மரபினர் கோவர்த்தனத்தில் வழிபாட்டை நிலைநிறுத்தினர். முகலாய அரசின் நிலக்கொடைகளும் ராஜபுத்திரர்களின் ஆதரவும் கோயில்களைப் பெருக்கின; ஆம்பேர் அரசர் மான்சிங் கட்டிய கோவிந்த தேவர் கோயில் 1590-இல் நிறைவுற்றது. இதே சூழலில் தமிழ்நாட்டோடும் ஒரு நேரடித் தொடர்பு அமைந்தது. சாஞ்ஜியை இன்றுவரை போற்றிவரும் கோயில்களில் ஒன்றான ராதாரமணர் கோயிலை நிறுவிய கோபால பட்ட கோஸ்வாமி, திருவரங்கத்துக் கோயிலோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர் என்பது கௌடீய வைணவ மரபு. அக்கோயிலின் தொடக்கத்தை அம்மரபு 1542-இல் வைக்கிறது. கதாதர பட்டரின் வழியினர் நடத்தும் மதனமோகனர் கோயிலும் சாஞ்ஜிக்குப் பெயர்பெற்றது.

சிறுமியரின் சுவர் விளையாட்டுக்குக் கோயில் மரபு ஒரு தெய்வீகக் கதையைத் தந்தது. அந்தி வேளையில் ராதை தன் தோழியரோடு காட்டில் மலர் பறித்துச் சாஞ்ஜி அமைக்கிறாள். கிருஷ்ணன் பெண் வேடம் பூண்டு அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். ராதையின் கன்னிப் பருவத்து விளையாட்டைக் கோயிலில் மீண்டும் நிகழ்த்துவதே சாஞ்ஜி என்று ஆயிற்று. விளைவு கவனிக்கத்தக்கது. பெண்பிள்ளைகளின் கலையைக் கோயிலில் செய்தவர்கள் கோஸ்வாமிக் குடும்பங்களின் ஆண்கள். ராதையின் தோழியராகத் தம்மைப் பாவித்துச் செய்யும் வழிபாடாக அவர்கள் இதைக் கொண்டனர். சாணமும் மலரும் வண்ணத்தூளாகவும் தாளாகவும் மாறின. சுவர் வேதியாக மாறியது. சிற்றூர்ச் சாஞ்ஜி அதற்குப் பக்கத்திலேயே தன் போக்கில் தொடர்ந்து வந்தது. இரண்டுக்கும் பெயரும் பருவமும் முடிவில் அழிக்கும் வழக்கமும் பொது.

1669-க்குப் பிறகு பிரஜின் முக்கியத் திருவுருவங்கள் சில ஔரங்கசீப்பின் ஆட்சிக்கால நெருக்கடியில் மேற்கு நோக்கி எடுத்துச் செல்லப்பட்டன. கோவர்த்தனத்திலிருந்து புறப்பட்ட ஸ்ரீநாத்ஜி 1672-இல் மேவாரில் நிலைகொள்ள, அவ்விடம் நாத்துவாரா ஆயிற்று. சாஞ்ஜியும் உடன் சென்றது. அங்கே அது வாழை இலையை வெட்டி அமைக்கும் சாஞ்ஜியாகவும் வளர்ந்தது. ஊடகம் எதுவானாலும் வெட்டி உருவம் காணும் கற்பனை மாறவில்லை என்பதற்கு இது சான்று.

விருந்தாவனக் கோயில்களின் தூள் சாஞ்ஜி மகாளய பட்சத்தில் அமைக்கப்படுகிறது. சில இடங்களில் பட்சம் முழுவதும், சில இடங்களில் ஏகாதசி தொடங்கி அமாவாசைவரை ஐந்து நாள்கள் மட்டும் இது நிகழும். முதலில் களிமண்ணால் எண்கோண வேதி எழுப்பப்பட்டு, அதன் மேற்பரப்பு வழவழப்பாகச் சமன்படுத்தப்படும். நூலைப் பிடித்துச் சுண்டி நேர்கோடுகள் இடுவார்கள். ஒன்றையொன்று பின்னிச் செல்லும் பட்டைகளும் எண்கோணங்களும் விண்மீன் வடிவங்களும் இக்கோடுகளிலிருந்து பிறக்கும். முகலாயக் கட்டடங்களின் கல் ஜாலிகளில் காணும் வடிவக் கணிதத்தோடு இவற்றுக்கு ஒப்புமை உண்டு. இக்கட்டமைப்பு முடிந்த பிறகே வெட்டுத்தாளுக்கு வேலை. கொடிகள், பறவைகள், பசுக்கள், கதம்ப மரங்கள், யமுனைத் துறைகள் என உரிய இடங்களில் தாள்கள் வைக்கப்பட்டு, மெல்லிய துணியின் வழியே வண்ணத்தூள் சலிக்கப்படும். நிறத்துக்கொரு தாள் என்பது விதி. ஒரு தாளை எடுக்கும்போது அதன் மேல் தங்கிய தூள் கீழே சிந்திவிட்டால் படம் கெடும். அதனால் தாளை நடுங்காமல் நேராக மேலே தூக்குவதே தனிப் பயிற்சி. நடுவே ‘ஹௌதா’ எனப்படும் இடத்தில் அன்றைய கிருஷ்ண லீலைக் காட்சி அமையும்.

நண்பகல் கடந்து பல மணி நேரம் நீளும் இவ்வுழைப்பு அந்தியில் திரை விலகும்போது வெளிப்படும். பிரஜ் மொழியில் அமைந்த சாஞ்ஜிப் பதங்கள் பாடப்படும். அடியார்கள் கண்டு வணங்குவர். அடுத்த நாள் படம் கலைக்கப்பட்டு, தூள் யமுனையில் சேர்க்கப்படும். வேதி மறுபடியும் சமன்செய்யப்படும். நீரின் மேற்பரப்பில் தூளை மிதக்கவிட்டு அமைக்கும் சாஞ்ஜியும், நீருக்கு அடியில் தெரியும்படி அமைக்கும் சாஞ்ஜியும் உண்டு. நிலையாமையை இதற்கு மேல் அழுத்திச் சொல்ல இயலாது.

இந்த நிலையாமை வரலாற்றாசிரியருக்கு ஒரு சிக்கலைத் தருகிறது. 17-ஆம் நூற்றாண்டுச் சாஞ்ஜி ஒன்றைக்கூடக் காண இயலாது. எல்லாம் ஆற்றில் கலந்துவிட்டன. தாளும் பயன்பாட்டில் தேய்ந்து, ஈரத்தில் நைந்து, பாலம் அறுந்து போகும். ஆனால் வெட்டுத்தாளுக்கு மற்றக் கருவிகளுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு: தன் வாரிசைத் தானே உருவாக்கிக்கொள்ள அதனால் முடியும். பழைய தாளைப் புதிய தாளின் மேல் வைத்துத் தூளைத் தூவினால் அடுத்த தலைமுறைக்கான வரைவு கிடைத்துவிடும். ஆகவே இன்று ஒரு கோஸ்வாமிக் குடும்பத்தின் பெட்டியில் இருக்கும் தாளின் வயதும் அதன் வடிவத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. படியின் படியாக வந்த வடிவம் தாளைவிட மிக மூத்ததாக இருக்கலாம். இடையில் வெட்டிய ஒவ்வொருவரின் கையும் அதை மாற்றியும் இருக்கலாம். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த மரபை அறிந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. சுவடிக்குப் பாடபேதம் பார்ப்பது போலச் சாஞ்ஜித் தாளுக்கும் வடிவபேதம் பார்க்க வேண்டும். இத்துறையில் கோயில் மரபை விரிவாகப் பதிவுசெய்த அசிமகிருஷ்ண தாசரின் நூல் 1996-இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் வெளியீடாக வந்தது. பாடல், சடங்கு, வெட்டுத்தாள் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்க்காமல் சாஞ்ஜியை அறிய இயலாது என்பதே இம்மரபை அணுகும் எவரும் முதலில் கற்கும் பாடம்.

தாள் வெட்டுவது கோயிலுக்குள் மட்டும் அடங்கிய தொழிலாக நீடிக்கவில்லை. மதுராவில் வழிவழியாக இதைச் செய்யும் கைவினைக் குடும்பங்களும் உருவாயின. கத்தியைவிடக் கத்தரிக்கோலையே அவர்கள் அதிகம் நம்புகின்றனர். இதற்கென்றே செய்யப்பட்ட கத்தரிக்கோலின் கூர்முனையால் தாளைக் குத்தி, உட்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குவார்கள். விடுதலைக்குப் பிறகு கைவினைக்கென அரசு வாரியங்களும் விற்பனை நிலையங்களும் கண்காட்சிகளும் தோன்றியபோது, இக்குடும்பங்களுக்கு ஒரு புதிய வாங்குநர் கூட்டம் கிடைத்தது. அவர்களுக்கு வேதியும் இல்லை, மகாளய பட்சமும் இல்லை. சுவரில் மாட்டவும், பரிசளிக்கவும், அஞ்சலில் அனுப்பவும் ஏற்ற பொருளே அவர்களின் தேவை.

அந்தத் தேவையைச் சந்திக்கத் தாளும் தயாராக இருந்தது. 1934-இல் காந்தியின் முயற்சியால் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைத்தாள் உற்பத்தியைத் தன் பணிகளில் ஒன்றாகக் கொண்டது. அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காக்ஸி எனப்படும் தாள் செய்யும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இத்தொழிலில் இருந்தன. பருத்தித் துணிக் கழிவிலிருந்து அவர்கள் செய்யும் கைத்தாள் பின்னாளில் வாழ்த்து அட்டைகளாகவும் உறைகளாகவும் குறிப்பேடுகளாகவும் வெளிநாடுகளுக்குச் சென்றது. அங்கே கைத்தாள் ஆய்வுக்கென அமைந்த தேசிய நிறுவனம் குமரப்பாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. கைத்தாள் அட்டையின் முகப்பில் சாஞ்ஜி வெட்டுத்தாள் ஏறியபோது, பிரஜின் கோயிற்கலையும் கிராமத் தொழில் இயக்கத்தின் பொருளாதாரமும் ஓரிடத்தில் சந்தித்தன.

அதன்பின் அரசின் அங்கீகாரமும் வந்தது. 2010-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் ஒவ்வொரு விளையாட்டையும் குறிக்கும் சின்னங்கள் சாஞ்ஜியின் சாயலில் வடிவமைக்கப்பட்டன. 2022 மே மாதம் டோக்கியோவில் நடந்த குவாட் மாநாட்டின்போது, கோகுலத்தின் டாகுராணித் துறையைக் காட்டும் சாஞ்ஜிப் படம் ஒன்றை இந்தியப் பிரதமர் அமெரிக்க அதிபருக்குப் பரிசளித்தார். 2025-இல் மதுராவின் சாஞ்ஜிக் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. இம்மூன்றிலும் சாஞ்ஜி என்று சுட்டப்பட்டது தூள் படமன்று, வெட்டப்பட்ட தாளும் அதன் வடிவச் சாயலுமே.

கருவி படமானதும் அதன் இலக்கணம் உள்ளிருந்து மாறத் தொடங்கியது. மாற்றங்களை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, வெற்றிடத்தின் பொருள் மாறியது. வேதியில் தாளின் துளையே உருவம். துளையின் வழியே இறங்கும் நிறமே மயிலாகவும் மரமாகவும் ஆகிறது. தாள் மறைப்பு மட்டுமே. அட்டையில் துளைக்குப் பின்னால் ஒரே நிறத் தாள் ஒட்டப்படுகிறது. பார்ப்பவர் கண் துளையைவிட்டுத் தாளின் மென்மையான பின்னலை நோக்கிச் செல்கிறது. முன்பு மறைக்க வேண்டியிருந்த பாலமே இப்போது வியக்கவேண்டிய அழகாகிவிட்டது.

இரண்டாவது, நுண்மையின் அளவு மாறியது. தூள் தூவும் தாள் பலமுறை தூக்கப்பட்டும் தட்டப்பட்டும் தாங்க வேண்டும். அதன் பாலங்களுக்கு உறுதி தேவை. துளைகள் தூள் தடையின்றி இறங்கும் அகலத்தில் இருக்க வேண்டும். சட்டத்துக்குள் ஒட்டப்படும் தாளுக்கு இக்கட்டுப்பாடு எதுவும் இல்லை. மயிரிழை போன்ற பாலங்களும் ஊசிமுனை போன்ற துளைகளும் அங்கே பெருமைக்குரியவை. இன்று மிக உயர்ந்த விலை பெறும் சாஞ்ஜித் தாள்களில் பல, வேதியில் வைத்தால் பயன்படாதவை. கைத்திறன் குறைந்துவிட்டது என்று இதைக் கருதுவது தவறு. தாள் வெட்டும் திறன் கோயிலின் தேவையைத் தாண்டி உயர்ந்திருக்கிறது. ஆனால் அது இப்போது வேறொரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது மாற்றமே இழப்புக்கு மிக அருகில் இருப்பது. சந்தை ஒற்றைத் தாளையே விரும்புகிறது. ஒரே தாளில் முழுக் காட்சியும் தெரிய வேண்டும். நிறத்துக்கொரு தாள் என்ற தொகுதி முறையில் தனித்தாள் ஒன்று சில சிதறிய துளைகளாக மட்டுமே தோன்றும். அதைச் சட்டமிட்டு விற்க யாருக்கும் தோன்றாது. விற்காத தாளைப் புதிதாக வெட்டுவோர் குறைவர். வெட்டாத தொகுதியின் வரிசைமுறை நினைவிலிருந்து நழுவும். எந்தத் தாள் முதலில், எந்த நிறத்தின் மேல் எந்த நிறம், எத்தனை விரல் உயரத்திலிருந்து சலிப்பது என்ற அறிவு எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. அது செய்பவரின் கையிலும் செய்யும் அந்தியிலுமே இருக்கிறது.

இங்கே கைவினைக் குடும்பங்களைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமன்று. ஆண்டுக்குச் சில நாள்களே தேவைப்படும் கோயில் தாள்களை நம்பி ஒரு குடும்பம் வாழ இயலாது. வாழ்த்து அட்டையும் சட்டப் படமும் விற்பதால்தான் கத்தரிக்கோலைப் பிடிக்கும் விரல்கள் இன்னும் பழக்கத்தில் இருக்கின்றன. அதே வாங்குநர்களுக்காக இப்போது லேசர் கருவி வெட்டிய தாள்களும் வந்திருக்கின்றன. ஒரே வடிவத்தை நூறு முறை பிழையின்றி வெட்டுவது கருவிக்கு எளிது. கையால் வெட்டும் தாளைச் சந்தையில் தனித்துக் காட்டப் புவிசார் குறியீடு ஓரளவு உதவக்கூடும். வாங்குபவர் வேறுபாட்டை அறிந்து கேட்டால்தான் அவ்வுதவி பயன் தரும்.

பாதுகாப்பு என்ற சொல்லின் எல்லையும் இங்கே புலப்படுகிறது. குறியீட்டின் பாதுகாப்பு விற்பனைப் பொருளுக்கே கிடைக்கும். கோயில் வேதியின் தூள் படத்துக்கு விலை இல்லை. சிற்றூர்ச் சுவரின் சாணச் சாஞ்ஜிக்கு விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. மூன்று சாஞ்ஜிகளில் இரண்டு சந்தைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் மூத்தது சிறுமியருடையது. சாஞ்ஜியின் வரலாறு ஆண்களின் கோயிற்கலையாகவும் பின்னர் பரிசு பெறும் கைவினையாகவும் எழுதப்படும்போது, சாணமும் மலரும் கொண்டு தொடங்கிவைத்தவர்கள் முன்னுரையின் ஒரு பத்தியோடு நின்றுவிடுகின்றனர்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் செய்யக்கூடிய பணி தெளிவாக இருக்கிறது. அருங்காட்சியகங்களும் தனியார் தொகுப்புகளும் சாஞ்ஜித் தாளைப் பதிவுசெய்யும்போது அதைத் தனிப் படமாகக் கொள்ளாமல், எந்தத் தொகுதியின் எத்தனையாவது தாள் அது, எந்த நிறத்துக்குரியது, முன்பக்கத்தில் தங்கிய தூளின் எச்சம் என்ன என்பவற்றையும் குறிக்க வேண்டும். பயன்பட்ட தாளில் ஒட்டியிருக்கும் பழைய நிறப்பொடி, சுத்தம் செய்து எறியவேண்டிய அழுக்கன்று. அது எந்த நிறம் எங்கே இறங்கியது என்பதைச் சொல்லும் ஒரே எழுத்துச் சான்று. ஒரே வடிவத்தின் பல படிகளை ஒப்பிட்டு, பாலங்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டால், வெட்டியவர் மாறிய காலத்தை உய்த்துணர வழி பிறக்கும். வேதி அமைக்கும் ஒரு முழு நாளைத் தொடக்கத்திலிருந்து கலைப்புவரை, தாள் வைக்கும் வரிசையோடு பதிவுசெய்வது இவை அனைத்துக்கும் அடிப்படை. மாளவத்திலும் ஹரியானாவிலும் சுவர்ச் சாஞ்ஜிப் பாடல்கள் தெரிந்த மூதாட்டியர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுக்கொள்வதும் அதே அளவு அவசரமானது.

கலைக் கல்லூரிகளின் கலப்பு ஊடக வகுப்புகளுக்கும் இம்மரபு ஒரு பயிற்சியைத் தருகிறது. சாஞ்ஜித் தாள் ஒன்றை வண்ண அட்டையில் ஒட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், மூன்று நிறங்களுக்கு மூன்று தாள்கள் வெட்டி, சமன்செய்த மண்ணில் வைத்துத் தூளைச் சலித்து, தாளைத் தூக்கும்போது கை நடுங்குவதை மாணவர்கள் அறிய வேண்டும். எந்தப் பாலம் தேவையானது, எந்தத் துளை அதிகப்படி என்பதை அந்த ஒரு தூக்கலில் விளங்கிக்கொள்ளலாம். மாலையில் அதைக் கலைத்துவிட்டு, வெட்டிய மூன்று தாள்களையும் வரிசை எண் இட்டு ஓர் உறைக்குள் வைத்தால், பிரஜின் கோயிற்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது என்ன என்பது புரியும்.